கருவியா, கைப்பழக்கமா? குழிக்குள் பந்தைச் சேர்க்கும் வழி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கலைக்குப் 'பட்டிங்' என்று பெயர். அதற்குப் பயன்படும் மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர். ரொட்டியில் தடவும் பட்டர் அல்ல இது. வெண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பட்டரோ பலருக்குச் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை! அதனால்தான் பட்டிங்கைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் பயிற்சிக் கருவிகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கண்ணாடி, கம்பளம், நூல், மின்னணுச் சாதனம் என்று அவற்றின் வகைகள் நீண்டுகொண்டே போகின்றன. இவை உண்மையில் ஆட்டக்காரரின் குறியைக் கூர்மையாக்குகின்றனவா, அல்லது பணப்பையை மட்டும் மெலிய வைக்கின்றனவா என்பதே இன்று அலசப்படும் கேள்வி.

கோல்ஃப் என்றாலே அது பெரிய இடத்து ஆட்டம், தமிழருக்கும் அதற்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். எம். ராமையா, பி. குணசேகரன், ஆர். நாச்சிமுத்து என்று மலேசியாவின் நிபுணத்துவ ஆட்டக்காரர் வரிசையில் தமிழ்ப் பெயர்கள் உண்டு. இன்று அலுவலக நண்பர்களோடு வார இறுதியில் மட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோரிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பணமும் நேரமும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன.

எத்தனை சிறிய குழி!

முதலில் சிக்கலின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். ஸ்காட்லாந்தின் மஸ்ஸல்பரோ திடலில் 1829ஆம் ஆண்டிலேயே இந்த அளவில் குழி வெட்டும் கருவி இருந்தது. 1891இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் ஆர் அண்டு ஏ கழகம் இதையே விதியாக்கியது. அன்று முதல் இன்று வரை அந்த அளவு மாறவில்லை. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பந்து குழியிலிருந்து 10 அடி தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரை சமமாக இருந்து, பந்து மெல்ல உருண்டு விளிம்பைத் தொட்டு விழுவதாகவே கணக்கிட்டாலும், திசையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஏறத்தாழ 1 டிகிரிதான் தவறலாம். கடிகாரத்தின் நிமிட முள் 10 விநாடியில் நகர்கின்ற அளவு அது. 3 அடி தூரத்தில் 3 டிகிரிக்குச் சற்று அதிகமான பிழையைக் குழி மன்னிக்கும். 20 அடி தூரத்திலோ அரை டிகிரி மட்டுமே. பந்து வேகமாக வந்தால் இந்த மன்னிப்பும் குறைந்துவிடும். விளிம்பில் பட்ட பந்து சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவிடும்.

தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் குழிக்குள் தள்ளுவதுபோல் ஒரு தோற்றம் இருக்கிறது. உண்மை வேறு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்காவின் பிஜிஏ சுற்றுப் போட்டிகளில் பதிவான அடிகளை ஆராய்ந்து 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்படி, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து பாதி முறைதான் பந்தைக் குழியில் இடுகிறார்கள். 10 அடியில் அது 40 விழுக்காடு. 20 அடியில் 15 விழுக்காடு. ஒரு சுற்றில் 90 அடிகள் எடுக்கும் சாதாரண ஆட்டக்காரருக்குப் பாதிக்குப் பாதி வெற்றி தரும் தூரம் 5 அடி.

அவருடைய ஆய்வில் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களை முந்துவதற்குப் பட்டிங்கின் பங்களிப்பு ஏறத்தாழ 15 விழுக்காடுதான். மீதமெல்லாம் தூரத்திலிருந்து அடிக்கும் அடிகளில் கிடைக்கிறது. ஆகவே, ஒரு கருவியை வாங்கியதும் மொத்த ஆட்டமும் மாறிவிடும் என்று விளம்பரம் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் 3 அடி, 4 அடி, 5 அடி தூரங்களில் தவறவிடும் பந்துகள் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று அடிகளைத் தின்றுவிடுகின்றன. வேறெந்தப் பயிற்சியையும்விட இதை வீட்டுக் கூடத்திலேயே, உடல் வலிமை தேவைப்படாமல், எந்த வயதிலும் சரிசெய்ய முடியும் என்பதுதான் இதன் சிறப்பு.

நோய் தெரியாமல் மருந்து

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. பந்து குழியில் விழவில்லை என்றால் மட்டையை மாற்றுவது, கருவியை வாங்குவது, அதுவும் பலிக்கவில்லை என்றால் வேறு கருவி தேடுவது என்று பலர் அலைகிறார்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையை விழுங்குவதற்கு ஒப்பானது இது.

ஒரு பட் தவறுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, குறி: மட்டையின் முகத்தை வைக்கும்போதே அது வேறு பக்கம் பார்த்திருக்கிறது. இரண்டாவது, தொடக்கத் திசை: சரியாகக் குறிபார்த்தும், அடிக்கும் கணத்தில் முகம் திரும்பிவிடுகிறது. மூன்றாவது, வேகம்: பந்து முன்னதாகவே நின்றுவிடுகிறது அல்லது தாண்டி ஓடுகிறது. நான்காவது, தரையைப் படித்தல்: சரிவையும் புல்லின் போக்கையும் தவறாகக் கணித்ததால், நன்றாக அடித்த பந்தும் விலகிப் போகிறது.

ஒவ்வொரு கருவியும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் கவனிக்கும். நான்கையும் தீர்க்கும் கருவி எதுவும் கிடையாது. எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்வது நல்லது. பயிற்சித் தரையில் ரசமட்டத்தை வைத்து, சமமான ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியும் போதும். 6 அடி தூரத்திலிருந்து 20 பந்துகளை உருட்டி, தவறிய ஒவ்வொன்றும் இடப்பக்கமா, வலப்பக்கமா, குறைவா, அதிகமா என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். பிறகு 30 அடி தூரத்திலிருந்து 10 பந்துகளை உருட்டி, அவை நின்ற இடங்களைப் பார்க்க வேண்டும். 15 நிமிட வேலைதான். ஆனால் அந்தத் தாள் சொல்லும் செய்தியைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

எந்தக் கருவி என்ன செய்யும்?

குறியில் பிழை உள்ளவர்களுக்கு உதவுவது தரையில் வைக்கும் கண்ணாடி. அதன்மேல் கோடுகள் வரையப்பட்டிருக்கும். குனிந்து பார்க்கும்போது கண்கள் பந்தின் கோட்டுக்கு நேராக இருக்கின்றனவா, தோள்கள் கோணலாக இருக்கின்றனவா, மட்டையின் முகம் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். கண் இருக்கும் இடம் மாறினால் நேர்கோடே வளைந்து தெரியும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு விதமாக நின்று ஆடும் ஒருவர், தம் கைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொடக்கத் திசையில் பிழை உள்ளவர்களுக்குக் கதவுப் பயிற்சி ஏற்றது. மட்டையின் தலையைவிடச் சற்றே அகலமாக இரண்டு டீ குச்சிகளைத் தரையில் ஊன்றி, அவற்றின் இடையே மட்டையைக் கொண்டு சென்று அடிக்க வேண்டும். டைகர் வுட்ஸ் போட்டிக்கு முன் பயிற்சித் தரையில் இதைச் செய்வதை ரசிகர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பாதித்தவர் பயன்படுத்தும் கருவி, சட்டைப்பையில் கிடக்கும் இரண்டு மரக்குச்சிகள்!

பந்துக்கும் இதேபோல் ஒரு கதவு வைக்கலாம். பந்திலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை ஊன்றினால், அதன் வழியே இடிக்காமல் செல்லும் பந்து 1 டிகிரிக்குள் புறப்பட்டிருக்கிறது என்று பொருள். 10 அடிக்கான துல்லியம் அதுவே.

வீட்டில் பயில்வோருக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்பு அளவுகோல் போதும். ஒரு முனையில் பந்தை வைத்து, கீழே விழாமல் மறுமுனை வரை உருட்டிவிட வேண்டும். அளவுகோலின் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால், நடுவில் தொடங்கி முனைவரை விழாமல் ஓடிய பந்து 1 டிகிரிக்கும் குறைவான பிழையுடன் சென்றிருக்கிறது. செய்து பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். பத்துக்கு ஏழு முறை வெற்றி பெறுபவர் தம் திசையைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, வேகத்தைக் கவனிக்கப் போகலாம்.

இங்கே ஓர் அறிவியல் உண்மையைச் சொல்ல வேண்டும். பந்து புறப்படும் திசையை முக்கியமாகத் தீர்மானிப்பது மட்டை வரும் பாதை அல்ல; அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசைதான். அதன் பங்கு ஐந்தில் நான்குக்கும் மேல். மட்டையின் அசைவைக் கேளா ஒலி அலைகளால் அளக்கும் ஜெர்மானியச் சாதனம் போன்றவை வந்தபின் இது தெளிவாகியது. வளைந்த தண்டவாளம்போல் செய்து, மட்டையைப் பாதையில் ஓட்டிப் பழகச் சொல்லும் கருவிகள் உண்டு. அவை பயனற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாதை சரியாக இருந்தும் முகம் திரும்பினால் பந்து தவறும். ஆகவே, முகத்தைப் பற்றிச் செய்தி தரும் கருவிக்கு முதலிடம் தர வேண்டும்.

வேகத்தில் பிழை உள்ளவர்களுக்குத் தாளம் உதவும். இசை பயில்வோர் பயன்படுத்தும் மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி இப்போது கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டையைப் பின்னால் கொண்டுபோக எடுக்கும் நேரம், அங்கிருந்து பந்தைத் தொட எடுக்கும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிறிய பட் ஆனாலும் நீண்ட பட் ஆனாலும் அவர்கள் இந்த விகிதத்தை மாற்றுவதில்லை; வீச்சின் நீளத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறார்கள். பாட்டு நீண்டாலும் சுருங்கினாலும் தாளம் பிசகாமல் இருப்பதுபோல என்று தமிழர்களுக்கு எளிதாக விளக்கிவிடலாம்.

அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவில் பணியாற்றிவிட்டுக் கோல்ஃப் பயிற்றுநராக மாறிய டேவ் பெல்ஸ் என்பவர், குழி இல்லாவிட்டால் பந்து அதைத் தாண்டி 17 அங்குலம் சென்று நிற்கும் வேகமே சிறந்தது என்று கணித்தார். எல்லாத் தரைக்கும் இது பொருந்துமா என்று விவாதிப்போர் உண்டு. ஆனாலும் குழிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி ஒரு மட்டையைக் கிடத்திவிட்டு, குழிக்கும் மட்டைக்கும் இடையில் பந்து நிற்குமாறு பழகுவது செலவில்லாத நல்ல பயிற்சி.

வீட்டுக் கம்பளத்தின் பொய்

வீட்டுக் கூடத்தில் விரித்துப் பயிலும் செயற்கைப் புல் கம்பளம்தான் கருவிகளிலேயே அதிகம் விற்பனையாவது போலத் தோன்றுகிறது. திசையைப் பழக இது உதவும். ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு.

முதல் குறை, பல கம்பளங்களில் குழி இருக்கும் முனை மேடாக உயர்ந்திருக்கும். பந்து திரும்பி வருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்த மேட்டில் ஏற வேண்டுமானால் பந்தைச் சற்று ஓங்கி அடிக்க வேண்டும். தினமும் நூறு பந்துகளை அப்படி அடித்துப் பழகியவர், திடலுக்குப் போனதும் குழியைத் தாண்டி 4 அடி ஓட விடுகிறார். கருவி கற்றுக்கொடுத்தது நேர்த்தியை அல்ல, வேறொரு தவற்றை.

இரண்டாவது குறை, கம்பளத்தின் வேகமும் திடலின் வேகமும் ஒன்றல்ல. 1935இல் அமெரிக்காவின் எட்வர்டு ஸ்டிம்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர், தரையின் வேகத்தை அளக்க ஒரு சிறு சரிவுப் பலகையை வடிவமைத்தார். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1978இல் அதைத் திடல் பராமரிப்பாளர்களுக்கு வழங்கியது. ஸ்டிம்ப்மீட்டர் என்று அதற்குப் பெயர். அதிலிருந்து உருளும் பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே தரையின் வேகம். அன்றாடத் திடலில் 8 அல்லது 9 என்று இருப்பது பெரிய போட்டிகளில் 12ஐத் தாண்டும். தம் கம்பளம் எந்த வேகத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே அதில் வேகம் பழகுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு எடை போடுவதற்குச் சமம்.

மலேசிய, சிங்கப்பூர் ஆட்டக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வெப்ப மண்டலத் திடல்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல்லே வளர்க்கப்படுகிறது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்வோடு சேர்ந்து ஓடும் பந்து வேகமாக ஓடும். எதிர்த்து ஓடும் பந்து சீக்கிரம் நின்றுவிடும். குறுக்கே ஓடும் பந்து பக்கவாட்டில் இழுக்கப்படும். பந்தின் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளவென்று தெரிந்தால் அது குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கருமையாகத் தெரிந்தால் எதிர்த்திசையில். குழியின் விளிம்பில் எந்தப் பக்கம் புல் காய்ந்து பிய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகப் புல் வளர்கிறது என்பதும் அனுபவசாலிகள் பார்க்கும் அடையாளம். இந்தப் பாடத்தை எந்தக் கம்பளமும் கற்பிக்காது. திடலில் நடந்து, பார்த்து, தவறிக் கற்க வேண்டியது இது.

ஊன்றுகோல் காலாகிவிடக் கூடாது

கருவிகளுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுதான்: கருவி இருக்கும்போது நன்றாக ஆடுபவர், அது இல்லாதபோது தடுமாறுகிறார். இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. உடலசைவுகளைக் கற்பது பற்றி ஆராய்ந்த கரோலின் வின்ஸ்டீன், ரிச்சர்டு ஷ்மிட் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் விளைவைச் சொல்லிக்கொண்டே இருந்த குழுவைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்ட குழு பின்னாளில் நடந்த சோதனையில் சிறப்பாகச் செய்தது. எப்போதும் வழிகாட்டி கூடவே நின்றால், மனமும் தசையும் தாமாகப் பிழையைக் கண்டறியும் வேலையை விட்டுவிடுகின்றன. கைப்பிடித்தே நடத்தப்பட்ட குழந்தை தனியே நடக்கத் தாமதமாவது போலத்தான் இதுவும்.

போட்டியிலோ கருவிக்கு இடமே இல்லை. ஒரு சுற்று தொடங்கியபின் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்துவதை விதி தடுக்கிறது. இது ஏட்டுச் சட்டம் அல்ல. 2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த சேஃப்வே கிளாசிக் போட்டியில், ஏழு பெரிய பட்டங்களை வென்ற ஜூலி இங்க்ஸ்டர் தம் முறைக்காக அரை மணி நேரம் காத்திருந்தார். உடல் இறுகிவிடாமல் இருக்க, மட்டையில் ஓர் எடை வளையத்தை மாட்டி வீசிப் பழகினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஒரு ரசிகர் மின்னஞ்சல் அனுப்பினார். 50 வயது வீராங்கனை போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். அவர் செய்தது பட்டிங் பயிற்சி அல்ல. ஆனால் விதி ஒன்றுதான். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி முதல் தவறுக்கு இரண்டு அடிகள் தண்டனை, மீண்டும் செய்தால் நீக்கம். குறிபார்ப்பதற்காகத் தரையில் குச்சியையோ மட்டையையோ கிடத்தி வைப்பதும் குற்றமே. பந்தின்மேல் கோடு வரைந்துகொள்வது மட்டும் அனுமதிக்கப்படுகிறது.

ஆகவே பயிற்சியின் நோக்கம், கருவி இல்லாத அந்த நேரத்துக்கு ஆட்டக்காரரைத் தயார்ப்படுத்துவதாக இருக்க வேண்டும். அன்று அவருக்குத் துணையாக வருவது கண்ணும் கையும் மனமும்தான். கண்ணைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், பட் அடிப்பவர்களின் பார்வையை 1992இல் பதிவு செய்தார். திறமை மிக்கவர்களின் கண்கள் பந்தின்மேல் அசையாமல் நிலைத்திருந்தன. மற்றவர்களின் கண்கள் பந்துக்கும் மட்டைக்கும் குழிக்குமாக அலைந்தன. பந்தின் பின்புறத்தில் ஒரு புள்ளியை இரண்டு விநாடி நிலைத்துப் பார்த்து, அடித்தபின்னும் ஒரு கணம் அங்கேயே பார்வையை வைத்திருக்கப் பழகுவதற்கு ஒரு காசும் செலவில்லை.

அந்தக் காலத்தில் ஏது கருவி?

தென்னாப்பிரிக்காவின் பாபி லாக், மரப்பிடி கொண்ட பழைய பட்டரை வைத்துக்கொண்டு 1949, 1950, 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். அமெரிக்காவின் பென் கிரென்ஷா, பதின்ம வயதில் கிடைத்த பட்டரை வைத்துக்கொண்டு 1984இல் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றார்; 1995இலும் அதை வென்றார். இவர்களுக்கு எந்த மின்னணுச் சாதனம் இருந்தது என்று எதிரணியினர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் இளமை முதல் நாள் முழுதும் புல்தரையில் கழித்தவர்கள். ஆயிரக்கணக்கான பந்துகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. வாரத்தில் ஐந்தரை நாள் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திடலுக்குப் போகும் ஒருவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தம் தவறு என்ன என்பதை அவருக்கு விரைவாகச் சொல்ல ஏதேனும் ஒன்று வேண்டும். அந்த அளவில் கருவி அவருக்கு உற்ற துணை. பயிற்றுநருக்குக் கட்டணம் செலுத்த இயலாதவருக்கு அது பாதி ஆசிரியர் என்றே கூறலாம்.

பல ஆயிரம் வெள்ளி பெறும் அளவீட்டுச் சாதனங்களைச் சொந்தமாக வாங்க வேண்டிய தேவை சாதாரண ஆட்டக்காரருக்கு இல்லை. அத்தகைய வசதியுள்ள பயிற்சிக்கூடத்தில் ஒருமுறை சோதித்து, தம் குறை எதுவென்று அறிந்துகொண்டால் போதும். கைத்தொலைபேசியை முக்காலியில் வைத்து, மெதுவோட்டக் காட்சியாகப் பதிவு செய்து பார்த்தாலே முகம் திரும்புவதும் தலை அசைவதும் தெரிந்துவிடும்.

அரை மணி நேரத் திட்டம்

அப்படியானால் எப்படிப் பயில வேண்டும்? கிடைக்கும் அரை மணி நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் 10 நிமிடம் கருவியோடு. தாளில் கண்ட குறைக்கு ஏற்ற ஒரே ஒரு கருவி. ஒரே நாளில் மூன்றைக் கலக்கக் கூடாது. அடுத்த 10 நிமிடம் மாறி மாறி: ஒரு பந்து கருவியோடு, அடுத்த பந்து அதை எடுத்துவிட்டு. கருவி இல்லாமல் அடிக்கும்போது, பந்து எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தலை நிமிர்வதற்கு முன்பே மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். ஊகம் சரியாக வரத் தொடங்கினால், கருவி செய்த வேலையை உடல் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அறியலாம்.

கடைசி 10 நிமிடம் ஆட்டம் போலவே: ஒரே ஒரு பந்து, ஒவ்வொரு முறையும் வேறு தூரம், வேறு சரிவு. போட்டியில் ஒரே இடத்திலிருந்து இரண்டாவது வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை அல்லவா? மூன்று அடியிலிருந்து தொடர்ந்து பத்து பந்துகளைப் போடாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டால், ஒன்பதாவது பந்தில் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பும் பயிற்சியில் ஒரு பகுதியே.

மாதம் ஒருமுறை முதலில் செய்த சோதனையை எந்தக் கருவியும் இல்லாமல் மீண்டும் செய்து, பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை கூடியிருந்தால் கருவி பயன் தந்திருக்கிறது. இரண்டு மூன்று மாதங்களாகியும் மாற்றம் இல்லை என்றால், குறை வேறிடத்தில் இருக்கிறது. இன்னொரு கருவி வாங்குவதற்குப் பதிலாக ஒரு பயிற்றுநரிடம் ஒரு மணி நேரம் காட்டுவது மேல்.

ஆக, கருவியா கைப்பழக்கமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: குறையை அறிந்து, அதற்குரிய எளிய கருவியைத் தேர்ந்து, பழக்கம் கைவந்ததும் அதை ஒதுக்கி வைக்கத் தெரிந்தவருக்குக் கருவி நன்மை செய்யும். குறையை அறியாமல் வாங்கிக் குவிப்பவருக்கு வீட்டு அலமாரிதான் நிறையும். அடுத்த வாரம் திடலுக்குப் புறப்படும் அன்பர்கள், கடைக்குச் செல்வதற்கு முன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பயிற்சித் தரைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.